பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

"அம்மா, இந்த மாமாக்கள் எல்லாம் ஏன் பிள்ளையாருக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கினம்?"

சாம்பவிக்கு அப்போது ஆறு வயது. சரஸ்வதி பூசைக்குச் சாமித்தட்டைத் துடைக்கிறேன் என்று கதிரையில் ஏறி நின்றவள் பிள்ளையார் படத்தை நகர்த்தினாள். பின்னாலிருந்து நாலைந்து கடவுச்சீட்டுகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே இருந்த முகங்களை வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள்.

கோசலை சிரித்தாள். "ஒளிக்கேல்லையடி. அவை அப்பாட்டை வேலை செய்யிற மாமாக்கள். அவையின்ர பாஸ்போட்டைப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுறார்."

"ஏன், அவைக்குப் பாத்துக்கொள்ளத் தெரியாதோ?"

அடுப்பில் கடலை அடிப்பிடிக்கிற மணம் வந்தது. கோசலை பதில் சொல்லாமல் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் நினைக்கவில்லை. ஆனால் பதில் கிடைக்காத கேள்வி வீட்டை விட்டுப் போவதில்லை. ஏதோ ஒரு மூலையில் காத்துக்கொண்டிருக்கும்.

இப்போது சாம்பவி வளர்ந்துவிட்டாள். பாரிசின் லா ஷப்பலில் அப்பா ஞானசுந்தரம் நடத்தும் சிறு கம்பனிக்கு அவளுடைய பெயர்தான். 'சாம்பவி ரோல்ஸ்'. வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்த குசினி. ரோல்ஸ், பற்றீஸ், வடை செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். அலுவலகச் சாப்பாட்டுக் கூடங்கள் நடத்தும் ஒரு கம்பனியிலிருந்து ஆரெலி என்ற பெண் அழைத்ததும், பெரிய ஓடர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் சென்ற வாரக் கதை. திங்கட்கிழமை ஆரெலி நேரில் வருகிறாள். அதற்குள், ஓடர் கொடுக்குமுன் தங்கள் கம்பனி எல்லாரிடமும் கேட்கிற ஒரு வேலையைச் சொல்லியிருந்தாள். உங்களுக்கு வெங்காயமும் கிழங்கும் உரித்துத் தருகிற இடத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் கடவுச்சீட்டு அவர்களிடமே இருக்கிறதா, சம்பளம் அவர்கள் கைக்குப் போகிறதா, விரும்பிய நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போக முடிகிறதா என்று பாருங்கள்.

வெங்காயம் உரிக்கிற இடம் ஸ்தேன் என்ற புறநகரில் இருந்தது. அதை நடத்துகிறவன் கோசலையின் தம்பி றொமேஷ்.

மழை தூறிய அந்த வியாழக்கிழமை காலையில் சாம்பவி சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கோசலையும் தன் கோட்டை எடுத்தாள்.

"நீங்கள் எங்கை அம்மா? நாலு மணிக்கு எழும்பி ரோல்ஸ் சுத்தினனீங்கள். படுங்கோ."

"என்ர தம்பியின்ர இடத்துக்கு நீ பொலிஸ் மாதிரித் தனியப் போகேலாது. நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவாறன். சொந்தக்காரர் மாதிரிப் போவம்."

ஞானசுந்தரம் தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தார். முழங்காலில் தைலம் மணத்தது. "ரெண்டு பேரும் போய் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. றொமேஷ் ஒழுங்கான பெடியன். எங்கட இடமும் சுத்தம். பயப்பிட என்ன இருக்கு?"

அவருக்கு நேர் எதிரே சாமித்தட்டு இருந்தது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இப்போதும் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. குசினியில் மா குழைக்கிற வின்சன்றுடையது.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் அவரிடம் வேலைக்கு வந்தவர்கள் ஓர் அறையில் ஐந்தாறு பேராகப் படுத்தவர்கள். அங்கே பெட்டி உடையும், பை காணாமற்போகும். 'அண்ணை, உங்கட வீட்டிலை வைச்சிருங்கோ' என்று முதலில் கேட்டது வேலைக்கு வந்த ஒருவர்தான். பிறகு அது வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவரிடம் ஞானசுந்தரமே கையை நீட்டத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும்போது கோசலை அந்த அட்டைகளுக்கும் ஒரு சந்தனப்பொட்டு வைப்பாள். இன்றைக்கு வின்சன்ற் தனி அறை எடுத்து, பூட்டுப் போட்டு இருக்கிறார். வழக்கம் மட்டும் மாறவில்லை. தினமும் கண்ணில் படுகிற பொருள் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

*

பேருந்தில் கோசலை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மடியில் சாப்பாட்டுப் பை. சாம்பவி அம்மாவின் கைகளைப் பார்த்தாள். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. நகக்கண்ணில் மிளகாய்த்தூள் சிவப்பு. இந்த ஓடர் கிடைத்தால் இன்னும் ஒருவரை வேலைக்கு வைக்கலாம், அம்மா விடியற்காலையில் எழும்பத் தேவையில்லை என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். அதனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று வழி முழுக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டே போனாள்.

ஒரு பழைய கராஜைத்தான் றொமேஷ் உரிக்கிற இடமாக்கியிருந்தான். கதவடியிலேயே கண் எரிந்தது.

"ஆ, மருமோள் இன்ஸ்பெக்டரா வந்திருக்கிறா!" என்று றொமேஷ் சத்தமாகச் சிரித்தான். "கோப்பி குடிப்பியோ, இல்லாட்டி லஞ்சம் தந்தவர் எண்டு எழுதுவியோ?"

"சீனி போடாமல் தந்தா எழுதமாட்டன் மாமா."

"அக்கா, உங்கட மோளுக்கு வாய் கூடிப்போச்சு."

"உன்னைப் போலை எண்டு நினை. இந்தா, புட்டு. ஆறமுதல் சாப்பிடு."

உள்ளே மூன்று பெண்கள் கவிழ்த்த வாளிகளில் இருந்து வெங்காயம் உரித்தார்கள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி. நிலத்தில் தண்ணீர். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோசலைக்கு அது சரியாகப் படவில்லை. தமிழ்ச் சத்தம் கேட்டும் நிமிராத தமிழரை அவள் பாரிசில் கண்டதில்லை.

கிட்டப் போய்க் குனிந்தாள். "பிள்ளைக்கு எந்த ஊர்?"

"முல்லைத்தீவு, அக்கா."

"பேர்?"

"நகுலேஸ்வரி. நகுலா எண்டு கூப்பிடுவினம்."

"எப்ப வந்தனீர்?"

"போன வருசம் தைப்பொங்கலுக்கு."

"அப்ப தேர் பாத்திருப்பீர். லா ஷப்பல் பிள்ளையார் தேர்."

நகுலா வெங்காயத்தைத் திருப்பினாள். "இல்லை அக்கா. நான் லா ஷப்பல் இன்னும் பாக்கேல்லை. நாங்கள் வெளியிலை போறேல்லை."

பாரிசுக்கு வந்த தமிழர் முதற்கிழமையே வந்து நிற்கிற தெரு அது. கறிவேப்பிலை வாங்க, தலைமயிர் வெட்ட, ஊருக்குக் காசு அனுப்ப, ஒன்றுமில்லாவிட்டாலும் நாலு தமிழ் முகம் பார்க்க. பேருந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு ஒரு தேர் வந்து போகிற காலம் முழுக்க அதைப் பார்க்காத ஒருத்தி அவள் முன்னால் இருந்தாள்.

இதற்குள் சாம்பவி மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவளுடைய முகம் மாறியிருந்தது.

"மாமா, மேலை மூண்டு மெத்தை கிடக்கு. அறைக் கதவிலை கொண்டி ஏன் வெளிப்பக்கமா இருக்கு?"

"கள்ளர் பயம் மருமோள். இந்த இடம் உனக்குத் தெரியாது."

"கள்ளருக்கெண்டால் கொண்டி உள்பக்கமெல்லோ இருக்கவேணும்?"

றொமேஷ் கோப்பியைக் கலக்கினான். அவள் சீனி வேண்டாம் என்றதை மறந்து சீனி போட்டுக் கலக்கினான்.

"இவையின்ர பாஸ்போட் எங்கை மாமா?"

"என்ர வீட்டிலை. பத்திரமா இருக்கு."

"ஏன் உங்கட வீட்டிலை?"

"என்ன கேள்வி இது?" றொமேஷ் கரண்டியை வைத்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை. "நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் வேலை செய்தது ஆரிட்டை? அத்தானிட்டை. தொழில் படிச்சது ஆரிட்டை? அத்தானிட்டை. உங்கட வீட்டுப் பிள்ளையாருக்குப் பின்னாலை எத்தினை பாஸ்போட் கிடந்தது? என்ர வீட்டிலை முருகனுக்குப் பின்னாலை கிடக்கு. சாமிதான் வேறை."

"அது வேறை தம்பி," என்றாள் கோசலை. "கேட்டா உடன குடுப்பம்."

"இவையும் கேக்கேல்லை அக்கா."

"நான் கேட்டனான்," என்றாள் நகுலா.

மெதுவாகத்தான் சொன்னாள். மற்ற இரண்டு பெண்களின் கத்திகளும் நின்றன.

"எனக்கு விசாப் பேப்பர் விசயமாப் பிரேஃபெக்சராலை கடிதம் வரவேணும் அக்கா. வரச்சொல்லித் திகதி போடுவினமாம். என்ர பேருக்கு வாறதெல்லாம் இவரின்ர விலாசத்துக்குத்தான் வரும். வந்ததோ வரேல்லையோ தெரியாது. பாஸ்போட்டையும் கடிதத்தையும் தாங்கோ எண்டு கேட்டனான். என்னைக் கூப்பிட்ட செலவு வேலையிலை கழியட்டும், பிறகு பாப்பம் எண்டவர். அந்தத் திகதி தப்பினா என்ர பேப்பர் முடிஞ்சுது. பிறகு ஊரிலை நிக்கிற என்ர பிள்ளையளை நான் எப்பிடிக் கூப்பிடுறது?"

றொமேஷ் அவளைப் பார்க்காமல் சாம்பவியைப் பார்த்துப் பேசினான். "போய் உன்ர அப்பாவைக் கேள். உரிச்ச வெங்காயம் என்ன விலைக்கு வேணுமெண்டு என்னட்டைக் கேட்டவர் எண்டு கேள். ஒவ்வொரு முறையும் குறை குறை எண்டு நிண்டவர். அந்த விலைக்கு வெங்காயம் தானாத்தான் உரிஞ்சு வரவேணும்."

விலை பேசிய தொலைபேசி அழைப்புகளில் இரண்டைச் சாம்பவியே பேசியிருக்கிறாள். மாமாவிடம் குறைத்து வாங்கிவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள்.

அவள் வெளியே போய், இப்படி அடைபட்டவர்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்துக்கு அழைத்தாள். ஆரெலிதான் அந்த எண்ணைக் கொடுத்திருந்தாள். எடுத்த பெண் பதற்றப்படாமல் ஒன்றே ஒன்று சொன்னாள். முதலில் அந்தப் பெண்ணைக் கேளுங்கள், அவளுக்கு என்ன வேண்டும் என்று. அவள் விரும்பினால் நாளைக் காலை கூட்டி வாருங்கள்.

சாம்பவி திரும்பி உள்ளே வந்தபோது, அம்மா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு நகுலாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கையில் கத்தி. முன்னால் வெங்காயம்.

"அக்கா, என்ன விளையாட்டு இது? எழும்புங்கோ!"

"போய் இந்தப் பிள்ளையின்ர பாஸ்போட்டைக் கொண்டு வா. நீ வாறமட்டும் அவவின்ர வேலையை நான் செய்யிறன். உனக்கு நட்டம் வராது."

"சனம் பாத்தா என்ன சொல்லும்?"

"இஞ்சை எந்தச் சனம் வருது? கொண்டியெல்லோ போட்டு வைச்சிருக்கிறாய்."

றொமேஷ் சிரித்துப் பார்த்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு வெளியே போய் நின்று யார் யாருக்கோ தொலைபேசியில் பேசினான். திரும்பி வந்தபோதும் அக்கா உரித்துக்கொண்டிருந்தாள். வீங்கிய விரலால் வேகமாக உரிக்க முடியவில்லை. தோல் வழுக்கி, கத்தி ஒருமுறை பெருவிரலில் பட்டது. விரலைச் சப்பிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். தாய் இறந்தபிறகு றொமேஷுக்குச் சோறு தீத்தி வளர்த்தது அந்தக் கைதான். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

மனிதனுக்குள் எங்கேயோ ஒரு பிடி நல்லது ஈரமாகவே கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்கக் கூச்சல் உதவுவதில்லை.

அவன் வரும்வரைக்கும் சாம்பவி நகுலாவுக்கு முன்னால் குந்தியிருந்தாள். "அக்கா, உங்களுக்கு என்ன விருப்பம்? எங்களோட வாறியளோ, இஞ்சை நிக்கிறியளோ, நாளைக்கு அந்தச் சங்கத்துக்குப் போறியளோ? நீங்கள் சொல்லுறதுதான்."

நகுலா மடியில் கிடந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டாள். என்ன விருப்பம் என்று யாரும் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"கடிதம் வாற ஒரு இடம் வேணும்," என்றாள் கடைசியில். "அவ்வளவுதான் தங்கச்சி. என்ர பேருக்குக் கடிதம் வாற ஒரு இடம்."

றொமேஷ் வந்தான். சிறு பொலித்தீன் பையில் சுற்றிய கடவுச்சீட்டை அக்காவிடம் நீட்டினான்.

கோசலை கையை நீட்டவில்லை. "என்னட்டை ஏன் நீட்டுறாய்? என்ரயோ இது? அவவிட்டைக் குடு."

அவன் நீட்டிய கையை மடக்கினான். பிறகு நகுலாவிடம் கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தான். ஆனாலும் உரியவர் கையில் கொடுத்தான்.

"கடிதம்?" என்றாள் சாம்பவி.

"ஒண்டும் வரேல்லை. சத்தியமா வரேல்லை." குரல் இறங்கியிருந்தது. "அக்கா, இனி என்ர வாசலுக்கு வராதேங்கோ."

"மற்ற ரெண்டு பிள்ளையளின்ரயும் தா."

"அவை கேக்கேல்லை."

அந்த இரண்டு பெண்களும் குனிந்திருந்தார்கள். பயந்திருக்கும்போது கேள் என்று யாரைத்தான் கட்டாயப்படுத்த முடியும்? கோசலை கோட்டைப் போட்டு, நகுலாவையும் கூட்டிக்கொண்டு கதவடிக்கு வந்தபோது, அவர்களில் இளையவள் குப்பைப் பையைக் கொண்டுவருகிற சாட்டில் பின்னால் வந்தாள்.

"அக்கா," என்றாள். "நாளைக்கும் வருவியளோ?"

கோசலை வாய் திறக்குமுன் அவள் உள்ளே போய்விட்டாள்.

*

மாலையில் லா ஷப்பல் குசினியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. ஞானசுந்தரம் பற்றீஸ் பொரித்தார். வின்சன்ற் மா குழைத்தார்.

"உன்ர தம்பி மூண்டு தரம் போன் எடுத்திட்டான்," என்றார் ஞானசுந்தரம், மனைவியைக் கண்டதும். "படம் எடுக்கப் போன நீங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். திங்கட்கிழமைக்கு வெங்காயம் எங்கை எடுக்கிறது?"

"நாங்கள் உரிப்பம்," என்றாள் கோசலை. விரலில் துணி சுற்றியிருந்தது. நகுலாவை ஒரு கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். நகுலா ஒரு கையால்தான் கோப்பையைப் பிடித்தாள். மற்றக் கை சட்டைப் பைக்குள் கடவுச்சீட்டைப் பிடித்தபடி இருந்தது.

சாம்பவி நடந்ததைச் சொன்னாள். கொண்டி, மெத்தை, வராத கடிதம். றொமேஷ் விலையைப் பற்றிச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஞானசுந்தரத்தின் கையில் இருந்த எண்ணெய்க் கரண்டி அசையாமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"பாவம்தான்," என்றார். "ஆனா என்னையும் அவனையும் ஒரு தராசிலை வைக்காதை பிள்ளை. நான் பூட்டி வைச்சனானோ? சம்பளம் பிந்தினதோ? வின்சன்றைக் கேள்."

"சே பா நோர்மால், அப்பா. அது சரியில்லை. கேட்டாக் குடுப்பன் எண்டு சொல்லுறியள். ஆராவது கேட்டவையோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்லை எண்டு எப்பவாவது யோசிச்சனீங்களோ?"

அவர் எண்ணெயில் கிடந்த ஒரு பற்றீஸைத் திருப்பினார்.

கோசலை மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் வின்சன்றின் கடவுச்சீட்டு இருந்தது. அட்டையில் பல வெள்ளிக்கிழமைகளின் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கணவனின் கையில் வைத்தாள். ஞானசுந்தரம் எண்ணெய்க் கையைத் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார்.

"இந்தாரும் வின்சன்ற். உம்மட சாமான். நீரே வைச்சிரும்."

வின்சன்ற் மாவுக் கையோடு வாங்கினார். சிரிக்கப் பார்த்தார். "பிள்ளையாருக்கு நன்றி அண்ணை. இவ்வளவு காலம் வேதக்காரன் ஒருத்தனைப் பின்னாலை வைச்சுப் பாத்தவர். மாதாவும் கோவிக்கேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். வின்சன்ற் மட்டும் சிரிப்பை முடிக்காமல் அட்டையைத் தடவினார்.

"நான் ஒருக்காக் கேக்க வந்தனான் அண்ணை."

"எப்ப?"

"அம்மா மோசம் போன நேரம்."

வின்சன்றின் தாய் ஊரில் இறந்த அந்த நாள் ஞானசுந்தரத்துக்கு நினைவிருந்தது. அழுதுகொண்டு நின்றவரை வீட்டுக்குப் போகச் சொல்லி லீவு கொடுத்தார். கோசலை சோறு கட்டி அனுப்பினாள். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு, போய் என்ன செய்ய அண்ணை, எல்லாம் முடிஞ்சிருக்கும் என்றார் வின்சன்ற். அதை ஞானசுந்தரம் நம்பிவிட்டார்.

"சகோதரங்கள் பெட்டியை மூடாமல் எனக்காக வைச்சிருந்தவை. டிக்கெட்டும் பாத்திட்டன். பாஸ்போட்டுக்காக மேலை வந்தனான். கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா விளக்கேத்திக்கொண்டு நிண்டவ. என்ர பாஸ்போட்டுக்குத்தான் அப்ப பொட்டு வைச்சுக்கொண்டு நிண்டவ." வின்சன்ற் கோசலையைப் பார்த்தார். "அதைப் பாத்தாப் பிறகு தாங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது அக்கா? நம்பேல்லை எண்டு நினைப்பியள். இல்லாட்டி வேறை இடத்துக்கு வேலைக்குப் போறன் எண்டு நினைப்பியள். படியிலை கொஞ்ச நேரம் நிண்டிட்டுத் திரும்பிப் போட்டன்."

எண்ணெயில் கிடந்த பற்றீஸ் கறுத்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வின்சன்ற்தான் கரண்டியை வாங்கி எடுத்துப் போட்டார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றார் ஞானசுந்தரம்.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே அண்ணை."

அந்தச் சொல்தான் அவருக்கு அதிகம் வலித்தது. கதவு திறந்து கிடந்தது, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒரு மகன் தாயின் முகத்தைப் பார்க்காமல் படியிலிருந்து திரும்பிப் போயிருக்கிறான். அன்பாகப் பூட்டினாலும் பூட்டு பூட்டுத்தான் என்று அவருக்கு இத்தனை வயதில் விளங்கியது.

"திங்கட்கிழமை ஆரெலியிட்டை எல்லாத்தையும் சொல்லப்போறன்," என்றாள் சாம்பவி. "ஸ்தேனையும், இதையும். நாங்கள் குடுத்த விலையையும்."

"சொன்னா ஓடர் போகும்."

"போகலாம்."

ஞானசுந்தரம் அடுப்பை அணைத்தார். "சொல்லு," என்றார்.

*

வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நகுலா சாம்பவியின் கட்டிலில் படுத்திருந்தாள். கடவுச்சீட்டை எங்கே வைப்பது என்று அவள் கேட்டபோது, "உம்மட விருப்பம்" என்று கோசலை சொல்லியிருந்தாள். சாமித்தட்டைக் காட்டவில்லை. சாம்பவி சங்கத்துக்கு மறுபடி பேசிக்கொண்டிருந்தாள். கோசலை கதிரையிலேயே தூங்கிவிட்டாள். ஸ்தேனில் அந்த இளையவள் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பதைப்போல, தூக்கத்திலும் அவளுடைய புருவம் சுருங்கியிருந்தது.

"குப்பை போட்டிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரம் கீழே இறங்கினார். முழங்கால் ஒவ்வொரு படியிலும் பேசியது.

குப்பை போட்டபிறகு அவர் மேலே ஏறவில்லை. வாசல் கூடத்தில், சுவரோடு வரிசையாக இருந்த தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்.

அவரும் ஒரு காலத்தில் கடிதம் வராத மனிதராக இருந்தவர். பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஓர் உணவகத்தில், கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தார். முதலாளியின் விலாசத்துக்கு வந்த கடிதங்கள் முதலாளியோடே நின்றுவிட்டன. தபாலகத்தில் வேலை செய்த பாண்டிச்சேரி அம்மா ஒருவர் அங்கே மதியம் சாப்பிட வருவார். ஜெனவியேவ் என்று பெயர். ஒருநாள் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னபோது, அவர் சாப்பாட்டை முடித்துவிட்டு, "உங்க பேரை எழுதிக் குடுங்க மிசியே, என் புவாத்துல ஒட்டிடறேன்" என்றார். தபால் பெட்டியைத்தான் அப்படிச் சொன்னார். உங்களுக்குக் கஷ்டம் இல்லையா என்று இவர் கேட்டார். "பெட்டிக்கு என்ன பாரம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இவருக்கு வதிவிட உரிமை தந்த கடிதம் அந்தப் பெட்டியில்தான் விழுந்தது.

பிறகு ஜெனவியேவ் மகனோடு ஆர்ஜொந்தெய் என்ற புறநகருக்குப் போய்விட்டார். இவர் ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனார். அந்த அம்மாவுக்கு எதற்கு நன்றி என்றே நினைவில்லை. அவர் இறந்தபோது இவர் மாதா கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். இதை ஞானசுந்தரம் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் என்று நினைத்தார். வெட்கம் அல்ல, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்ததால் வந்த கூச்சம் என்று இப்போது தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவையும், கடையில் விலை ஒட்டுகிற வெள்ளைத் தாளையும் எடுத்தார். நகுலேஸ்வரி என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். பெயர் நீளம், தாள் போதவில்லை. கிழித்துவிட்டு இன்னொன்றில் எழுத்தைச் சிறிதாக்கி எழுதினார். பாதி எழுதும்போது கூடத்து விளக்கு, அதற்கு வைத்த நேரம் முடிந்து, தானாக அணைந்தது. பொத்தானைத் தடவி அழுத்தி மறுபடி ஏற்றினார். தாளைத் தன் பெயருக்குக் கீழே ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். உள்ளே யாரும் வரவில்லை.

எழுத்தைச் சிறிதாக்கியதால் பெட்டியின் முகப்பில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. அவர் விரலை வைத்து அளந்து பார்த்தார். இன்னும் இரண்டு பெயர் எழுதக் காணும்.

விளக்கு மறுபடி அணைந்தது. இந்த முறை அவர் அதை ஏற்றவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே படியேறினார்.